எந்த நாடு என்பதை முடிவு செய்வது யார்?

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்திற்குச் சென்ற கோடையில் ஒரு மாணவி வந்திருந்தார். இராசிபுரத்தை அடுத்த ஒரு சேரியில் பிறந்தவர். தந்தை நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். தாய் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறார். கட்டுமானப் பொறியியல் முடித்துவிட்டு, நீர் மேலாண்மையில் முதுகலை படிக்க விரும்பும் முதல் தலைமுறைப் பட்டதாரி. அவர் வந்தது ஓர் உறுதிமொழிப் பத்திரத்திற்காக. சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருந்தது. கையெழுத்து முடிந்ததும் பையிலிருந்து மூன்று சேர்க்கைக் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பிரிட்டனிலிருந்து, ஒன்று ஜெர்மனியிலிருந்து, ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. “இதுல எந்த நாடுக்கா நல்லது?” என்றார்.

நான் வழக்கறிஞர், கல்வி ஆலோசகர் அல்லள். சேலம் ஐந்து ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதாக எத்தனையோ பலகைகள் தொங்குகின்றன. கட்டணம், தட்பவெப்பம், பகுதிநேர வேலை, குடியுரிமை எனக் கட்டம் போட்டு ஒப்பிட்டுக் காட்டும் வண்ணத் தாள்கள் உள்ளே கிடைக்கும். அந்தத் தாள்கள் அனைத்தும், படிக்கப் போகிறவரின் வீட்டில் அடகு வைக்கச் சொத்து இருக்கிறது என்ற ஒற்றை அனுமானத்தின் மீது அச்சடிக்கப்பட்டவை. அந்த அனுமானத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால், நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கை மாணவருடையதாக இருப்பது மிக அரிது என்பது விளங்கும்.

இந்த மண்ணுக்கு அயல்நாட்டுக் கல்வி புதியதன்று. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன், ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரியில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தார். அவர்களின் பொதுவாழ்வின் மீது எனக்கு மதிப்பு உண்டு; பிள்ளைகள் இருவரும் பொதுவுடைமை இயக்கத்திற்கு வந்தவர்கள். ஆனால் திருச்செங்கோட்டு வட்டாரத்தின் நிலத்தில் விளைந்த வருவாய் ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியது என்பதையும், அந்த வட்டார வயல்களில் உழைத்த அருந்ததியர், பறையர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதே காலத்தில் உள்ளூர்ப் பள்ளியின் திண்ணைகூட எளிதில் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

அதே காலத்தில் அயலகம் சென்ற இன்னொருவரை நாம் அறிவோம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தது, பரோடா அரசர் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையால். 1916இல் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. படிக்க உதவியதற்கு ஈடாக ஒப்பந்தப்படி பணியாற்றச் சென்ற பரோடா நகரில், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் ஒருவரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாம் இதை விடாமுயற்சியின் கதையாக மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நிதி குறித்த நாளில் வராவிட்டால் எத்தகைய அறிவாளியின் படிப்பும் பாதியில் நிற்கும் என்பதற்கான சான்றாகவும் அதைப் படிக்கலாம்.

முதலில் வங்கிக் கடனைப் பார்ப்போம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் வேண்டும். அதையும் தாண்டினால் சொத்துப் பிணை. அயல்நாட்டுப் படிப்புக்கு 4 லட்சத்திற்கு மேல் கடன் வாங்குவோர், செலவில் 15 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து போட வேண்டும். ஏழரை லட்சத்தில் முடிகிற அயல்நாட்டு முதுகலைப் படிப்பு அநேகமாக இல்லை. எனவே கேள்வி நிலத்தில் வந்து நிற்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவரும், நாமக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவரும் பட்டியல் சாதியினர். நம்மில் பெரும்பாலோர்க்கு இருக்கும் ஒரே சொத்து அரசு வழங்கிய இரண்டு மூன்று சென்ட் இலவச வீட்டுமனைப் பட்டா. அது நிபந்தனைப் பட்டா. அதை விருப்பம்போல் விற்க முடியாது. ஆகவே ஏலத்திலும் எடுக்க முடியாது என்று வங்கி கணக்குப் போடுகிறது. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஆங்கிலேய அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்திற்கும் இதே கதி. நிலம் கைமாறிவிடாமல் காக்கப் போடப்பட்ட நிபந்தனை அது. ஆனால் ஆதிக்க சாதியினர் பஞ்சமி நிலத்தை அபகரித்தபோது அந்த நிபந்தனை தடுக்கவில்லை; சேரிப் பிள்ளை அதே நிலத்தைக் காட்டிக் கல்விக் கடன் கேட்கும்போது மட்டும் தவறாமல் குறுக்கே நிற்கிறது. சட்டத்தின் காவல் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு வங்கி மேலாளரின் மேசை முன் அமர்ந்து தெரிந்துகொள்வது எளிது. என்னைத் தேடி வந்த மாணவியின் குடும்பமும் இரண்டு வங்கிகளில் அப்படி அமர்ந்து எழுந்த குடும்பம்தான்.

கடன் இல்லையென்றால் உதவித்தொகை. இந்திய ஒன்றிய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1950களிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. இன்று அதில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115. 2011 கணக்கின்படியே நாட்டில் பட்டியல் சாதியினர் 20 கோடிக்கும் மேல். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்திற்கு மிகக்கூடாது, வயது 35க்கு உட்பட்டிருக்க வேண்டும், நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும், பல்கலைக்கழகம் கியூஎஸ் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும் என்பவை இதன் முதன்மையான விதிகள்.

கடைசி இரண்டு விதிகளையும் நிதானமாகப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் வந்த பிறகே பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனையை நீக்குகின்றன. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஏறத்தாழ 18,000 ரூபாய். ஜெர்மனிக்குப் போக விரும்பும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் என்னும் சான்றிதழ் சரிபார்ப்பைக் கட்டாயம் முடிக்க வேண்டும். அதற்கும் 18,000 ரூபாய். விண்ணப்பம் போடும் தகுதியைப் பெறவே இவ்வளவு. தரவரிசை விதி இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. ஜெர்மனியில் தொழில் சார்ந்த கல்வி வழங்கும் பயன்முறை அறிவியல் உயர்கல்வி நிறுவனங்கள் பல அந்தத் தரவரிசையிலேயே இடம்பெறுவதில்லை. நமது மாணவி வைத்திருந்த ஜெர்மன் கடிதம் அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து வந்தது. கல்விக் கட்டணமே இல்லாத இடத்திற்கு அரசு பணம் தராது. பல பத்து லட்சம் கட்டணம் வாங்கும் இடம் பட்டியலில் இருந்தால் தரும். மக்கள் பணத்தில் இன்னும் பல மாணவர்களை அனுப்பக்கூடிய வழியை மக்களுக்கான திட்டமே அடைத்து வைத்திருக்கிறது.

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு மற்றொரு மாற்றத்தைச் செய்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் படிக்க இனி உதவித்தொகை இல்லை என்று அறிவித்தது. 1916 மே மாதம் கொலம்பியாவில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்த இருபத்தைந்து வயது மாணவர், இன்று இந்தத் திட்டத்தில் விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படுவார். அதே 2022 சூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று நான்கு விடைகளோடு ஒரு கேள்வி கேட்கப்பட்டது. சாதியைக் கேள்வித்தாளில் இப்படிக் கேட்கலாம். சாதியை ஆராய்ச்சியாளராக நாம் கேட்கக் கூடாது!

2025இல் நடந்தது இன்னும் நினைவிலிருந்து அகலவில்லை. அந்த ஆண்டுக்கு 106 பேர் தேர்வு செய்யப்பட்டனர். சூலையில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஆணை வழங்கிய அமைச்சகம், எஞ்சிய 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே ஆணை தரப்படும் என்றது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் நாடுகளுக்குச் சூலையில் இப்படிச் சொல்வது என்ன பொருள் தரும் என்பது அந்த அமைச்சகத்திற்குத் தெரியாதது அல்ல.

தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேலானது. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்தின்கீழ் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்க்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்கப்படுகிறது. நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே பயன்பெற்று வந்த திட்டம், வருமான வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு நூற்றுக்கணக்கானோரை எட்டியுள்ளது. இனி கேட்க வேண்டியது வேறொன்று. பயனாளிகள் எந்த மாவட்டத்தினர், எந்த உட்சாதியினர், எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்? அருந்ததியர்க்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த மாநிலம் இது. அத்தகைய உள் வகைப்பாடு செல்லும் என 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. சேலம், நாமக்கல் பகுதியில் பட்டியல் சாதியினருள் பெருந்தொகையினர் அருந்ததியர். தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் இத்திட்டத்தில் எத்தனை பேர் என்ற பட்டியலை அரசு ஆண்டுதோறும் தானே வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுப் பெறும்படி விடக்கூடாது.

இனி மூன்று கடிதங்களுக்கு வருவோம். பிரிட்டனில் முதுகலை ஓராண்டில் முடியும். வாழ்க்கைச் செலவு ஓராண்டுக்குத்தான். ஆனால் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அரசின் உதவித்தொகைக் கடிதம் இருந்தால் இந்தச் சுமை இல்லை. கடிதம் தாமதமானால் கந்துவட்டிக்காரரிடம் 28 நாளுக்குப் பணம் வாங்கி வைக்கும் ‘ஏற்பாடு’ ஒன்று நம் ஊர்களில் இருப்பதை அறிவேன். அதில் சிக்க வேண்டாம். விசா மறுக்கப்பட்டாலும் வட்டி மறுக்கப்படாது. படிப்புக்குப் பின் வேலை தேட இருந்த இரண்டாண்டுக் காலம், 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போர்க்கு ஒன்றரை ஆண்டாகக் குறைகிறது. கடன் வாங்கிப் போகிறவர்களுக்கு இந்த ஆறு மாதம் பெரிய ஆறு மாதம்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை என்பது இன்றும் உண்மை. விதிவிலக்குகள் உண்டு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை, அதாவது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை, முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட வேண்டும். ஒரே தவணையில் 12 லட்சம் புரட்டக்கூடிய வெல்டிங் தொழிலாளியை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆயினும் இருப்பவற்றுள் மொத்தச் செலவு குறைவான வழி இதுதான். முகவர்கள் இதை முதலில் சொல்வதில்லை. கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் தரும் தரகு இங்கே கிடைக்காது அல்லவா?

ஆஸ்திரேலியாவைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. 2025 சூலை முதல் மாணவர் விசாக் கட்டணமே 2,000 டாலர், மறுக்கப்பட்டால் திரும்பாது. அமெரிக்கக் கடிதம் அவரிடம் இல்லை. ஆனால் இயக்கத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிய நாள் ஒதுக்குவதை அமெரிக்கா நிறுத்தியது. சூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றது. பாலஸ்தீனம் பற்றியும் கருப்பின மக்கள் பற்றியும் எழுதிய பதிவை எந்த அதிகாரி எப்படிப் படிப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, கிர்கிஸ்தான் எனச் செல்வோரின் கதை தனிக் கட்டுரைக்குரியது. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள், 54 மாதப் படிப்பும் அங்கேயே 12 மாதப் பயிற்சியும் அந்நாட்டில் மருத்துவம் பார்க்கும் உரிமமும் வேண்டும் என்கின்றன. பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள். திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில் அண்மை ஆண்டுகளில் மூவரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

ஆலோசகர்களின் ஒப்பீட்டுத் தாள்களில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு கட்டம் உண்டு. அந்த நாட்டில் சாதி இருக்கிறதா, இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதே அது. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 சூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே இரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். உடன் படித்த மாணவியுடன் பேசிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். சேலத்திலிருந்து டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் வரை சென்ற ஆய்வு மாணவர் முத்துக்கிருஷ்ணன் 2017 மார்ச்சில் உயிரற்றவராகத் திரும்பினார். இந்த ஊர்ப் பெற்றோர், பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவதில் ஒரு நிம்மதியையும் தேடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு?

அமெரிக்காவில் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 சனவரியில் 23 வளாகங்கள் கொண்ட கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தம் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். கனடாவின் ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம், சாதிப் பாகுபாடு தன் சட்டத்திற்குள் வரும் என்று 2023 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் அரசுக்குக் கடமை விதித்தது. 2018 சூலையில் அரசு அதைக் கைவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அது சுட்டிய வழக்கு திர்க்கி எதிர் சந்தோக். பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண், தம்மைக் கொத்தடிமையாக நடத்திய இந்திய வம்சாவளிக் குடும்பத்திற்கு எதிராக நடத்திய வழக்கு. 2015இல் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஊதியமாக மட்டும் 1 லட்சத்து 83 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வழங்க ஆணையிடப்பட்டது. ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டத்தில் இனமும் மதமும் உண்டு. சாதி என்ற சொல் இல்லை.

வெள்ளையர் நடத்தும் வகுப்பறையில் சாதி கேட்கப்படாமல் போகலாம். வாடகை அறையைப் பகிரும்போது, ‘சைவ உணவினர் மட்டும்’ என்ற அறிவிப்பில், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ‘சேலத்துல எந்தப் பக்கம், யாரு வீடு’ என்ற குசலத்தில் அது கேட்கப்படும். எனவே சேர்க்கைக் கடிதத்தை ஏற்கும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுத் தடை விதியைப் படியுங்கள். அங்கே அம்பேத்கரிய மாணவர் வட்டம் இருக்கிறதா எனத் தேடி, ஒருவரிடமாவது பேசுங்கள். தரவரிசையில் நூறு இடம் பின்தங்கியிருந்தாலும் அத்தகைய இடம் மேல் என்பது என் முடிவு. இதில் சில தோழர்கள் என்னுடன் உடன்படுவதில்லை. பட்டத்தின் பெயரே நம் பிள்ளைகளுக்குக் கவசம் என்பது அவர்கள் வாதம். பரோடாவில் கொலம்பியாவின் பெயர் கவசமாகவில்லை என்பதே என் பதில்.

அந்த மாணவிக்கு நான் ஜெர்மனியைத்தான் சொன்னேன். அவர் மனம் பிரிட்டனில் இருந்தது. ஓராண்டில் திரும்பிவிடலாம், அம்மாவால் நெடுநாள் கோழிப்பண்ணைக்குப் போக முடியாது என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பிரிட்டன் கடிதத்தில் ஆங்கிலத் தேர்வு நிபந்தனை நீங்காமல் இருந்தது. தேர்வு எழுதி மதிப்பெண் வருவதற்குள் அந்த ஆண்டுக்கான உதவித்தொகைக் கெடு முடிந்துவிட்டது. சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இப்போது இராசிபுரத்தில் ஒரு நகலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறார். சென்ற வாரம் மறுபடியும் அழைத்திருந்தார். வருமானச் சான்றின் காலம் முடிந்துவிட்டதாம்; புதிதாக விண்ணப்பிக்கும்போது தந்தையின் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்று கேட்டார். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொன்னேன்.